தில்லி பிரகடனம் 1959: வக்கீல்கள் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

1959 ஜனவரியில் 53 நாடுகளைச் சேர்ந்த 185 நீதிபதிகள், வக்கீல்கள், சட்டப் பேராசிரியர்கள் புது தில்லியில் கூடினார்கள். கூட்டியது சர்வதேச சட்ட வல்லுநர்கள் ஆணையம். ஐ.சி.ஜே. என்றதும் ஹேக் நகரத்து நீதிமன்றம் என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு. இது 1952-ல் மேற்கு பெர்லின் மாநாட்டிலிருந்து உருவான தனியார் அமைப்பு. தில்லிக் கூட்டத்தின் முடிவில் வெளியானதுதான் தில்லி பிரகடனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1955-ல் இதே அமைப்பு ஏதென்ஸில் வெளியிட்ட அறிக்கை, அரசும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதை அழுத்திச் சொன்னது. தில்லி ஒரு படி மேலே போனது. மனிதன் கௌரவமாக வாழ்வதற்கான சமூக, பொருளாதார, கல்விச் சூழலை உருவாக்குவதும் 'சட்டத்தின் ஆட்சி'யில் அடக்கம் என்றது. காசில்லாதவனுக்கும் வக்கீல் கிடைக்கணும், அந்தப் பொறுப்பு முதலில் வக்கீல்களுடையது என்றும் சொன்னது. அந்தக் காலத்துக்கு இது சாதாரண விஷயமில்லை.

இப்போ குறைக்கு வருவோம். மாநாடு நான்கு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தது: சட்டமன்றம், நிர்வாகம், குற்ற விசாரணை முறை, நீதித்துறையும் வக்கீல் தொழிலும். முன்தேதியிட்டுத் தண்டிக்கும் சட்டம் கூடாது என்பது வரை விவரமாக எழுதினார்கள். ஆனால் நிலம், கூலி, வறுமை பற்றிப் பேச ஐந்தாவது குழு இல்லை. பொருளாதாரம் பொதுவான வாசகத்தோடு நின்றுவிட்டது. தெரிந்ததை விரிவாக எழுதிவிட்டு, தெரியாததை அழகாக எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. வெளித் தலையீடு இல்லாத வக்கீல் தொழில் வேண்டும் என்று பிரகடனம் அடித்துச் சொல்கிறது. 1967-ல் வெளிவந்த செய்தி என்ன? இந்த அமைப்புக்கே சி.ஐ.ஏ. பணம், இடையில் ஒரு நிதியத்தை வைத்து, வந்துகொண்டிருந்திருக்கிறது!

அப்படியானால் எல்லாமே அமெரிக்க நாடகமா? அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு வாசகம் பொய்யாகிவிடாது. 2009-ல் இதே அமைப்பு அமைத்த நிபுணர் குழு, 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' என்ற அமெரிக்க அணுகுமுறை சட்டத்தையே சேதப்படுத்திவிட்டது என்று பகிரங்கமாக அறிக்கை தந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் தில்லியில் எழுதிய அளவுகோலை, அன்று படியளந்தவர்கள் மேலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்தப் படி நின்று பல காலம் ஆன பிறகுதான் இது நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால் பிரகடனத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் இல்லாத ஒரு வரியை மட்டும் நாம் சேர்த்துப் படிக்கணும்: அரசிடம் கணக்குக் கேட்கிற வக்கீல் சங்கம், தன் வரவு செலவையும் ஊரறிய வைக்க வேண்டும்.