திருவிளக்குப் பொருளாராய்ச்சி

விளக்கு என்னுஞ் சொல் தமிழிற் பெயராகவும் வினையாகவும் நிற்கும். பெயராயவழி ஒளிதருங் கருவியையும், வினையாயவழித் துலக்குதல், தெளிவித்தல் என்னும் இருவகைச் செயலையும் உணர்த்தும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கி, நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றி, அதன் ஒளியில் இறைவன் திருவுருவை விளங்கக் கண்டு தொழுதல் சைவ மனைகளில் அந்திதோறும் நிகழ்வது. செயல் இத்துணை எளிதாயினும், அதன் உட்பொருள் யாது என்னும் வினாவிற்கு வழங்கும் விடைகள் பலவாகவும் தம்முள் மாறுபட்டனவாகவும் உள்ளன. திருவிளக்கு வழிபாட்டிற் கூடும் மகளிர்க்கு அளிக்கப்படுஞ் சிறு நூல்கள் ஒன்று கூறும். வேதாந்தச் சொற்பொழிவுகள் மற்றொன்று கூறும். அவை சித்தாந்தத்தோடு இயைவனவா என்பதும், திருமுறையுஞ் சாத்திரமும் அறிவுறுத்தும் பொருள் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சிறு நூல்கள் கூறும் பொருள் வருமாறு: குத்துவிளக்கின் அடித்தட்டுப் பிரமன்; தண்டு திருமால்; நெய் நிற்கும் அகல் உருத்திரன்; திரி தங்கும் முகங்கள் மகேசுவரன்; உச்சி சதாசிவன்; நெய் நாதம்; திரி விந்து. இதன் முற்பகுதி சிவாகமத்தோடு மாறுபடுவதன்று. நிவிர்த்தி முதலிய ஐந்து கலைகட்கும் தலைவராய், படைத்தல் முதலிய ஐந்தொழிலையும் முறையே இயற்றும் ஐவரும் கீழிருந்து மேலாக வைக்கப்பட்டிருத்தலின், அவ்வடைவு கொள்ளத்தக்கதே. பிற்பகுதியோ அவ்வடைவைத் தானே சிதைக்கின்றது. நவந்தரு பேதத்துள் நாதமும் விந்துவும் சதாசிவருக்கு மேற்பட்டவை. அவற்றை உருத்திரனாகக் கொள்ளப்பட்ட அகலினுள் நெய்யும் திரியுமாக வைத்தல், மேலதைக் கீழதனுள் அடக்குதலாய் முடியும். அடியிலிருந்து உச்சிவரை ஒரு முறையைத் தொடங்கியவர், இடையில் அம்முறையைக் கைவிட்டார் என்பதே இதனாற் பெறப்படும்.

இக்குற்றத்தினும் பெரிய குற்றம் பிறிதொன்றுண்டு. இவ்வுருவகத்தில் பதியின் அதிகார நிலைகள் கூறப்பட்டன. சுத்தமாயையின் காரியங்களும் கூறப்பட்டன. பசு எங்கே? விளக்கேற்றும் உயிர்க்கு அவ்விளக்கில் ஓரிடமும் இல்லை. தனக்கு இடமில்லாத உருவகத்தைக் கேட்டு மகிழும் ஆன்மா அதனாற் பெறும் பயன் யாது? முப்பொருளுள் ஒன்று விடுபட்ட விளக்கம் அழகிதாயினும் நிறைவுடைத்தாகாது.

இனி, வேதாந்தச் சொற்பொழிவுகள் கூறுவது: நெய் வாசனைகள், திரி நான் என்னும் முனைப்பு, ஞானமாகிய தீ பற்றியவழி வாசனை சிறிது சிறிதாக வற்ற, முனைப்பும் முற்றும் எரிந்தொழியும் என்பது. இதன்கண் உயிரின் பக்குவம் பேசப்படுதலின் முன்னையதினும் இது நன்று என்பாரும் உளர். அற்றேல், உருவகத்தை அதன் எல்லைவரை நடத்திப் பார்த்தல் வேண்டும். நெய் முற்றும் வற்றித் திரி முற்றும் எரிந்தபின் எஞ்சுவது யாது? சுடரும் அவியும். சுடரே ஞானமாயின், வீட்டு நிலையில் ஞானமும் அவிந்ததென்று கொள்ள நேரும். நெய் தீர்ந்த விளக்கு ஒரு திசையுஞ் செல்லாது அவிதல்போல் உயிர் அவிதலே நிருவாணம் என்பது பௌத்தருள் ஒருசாரார் கூறும் உவமை. சந்தானம் கெடுதலே முத்தி என்னும் அக்கொள்கையைச் சிவஞானசித்தியார் பரபக்கம் மறுத்தது. வேதாந்தம் கூறப் புகுந்து, வேதாந்தமும் உடன்படாத முடிபிற் சென்று நிற்றலின், அவ்வுருவகம் கூறுவார் கருத்திற்கே பகையாயிற்று என்க.

சித்தாந்த சாத்திரத்தில் விளக்கு எப்பொருட்கு உவமையாயிற்று என்பதை நோக்குதல் முறை. உமாபதிசிவம் திருவருட்பயனில் இருண்மலநிலை என்னும் மூன்றாம் அதிகாரத்து, பொழுது புலருமளவும் உதவும் விளக்குக்கு மாயையை ஒப்பிட்டார். தநு கரண புவன போகங்களாய் வரும் மாயை, ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்குச் சிற்றறிவை விளக்கி நிற்கும். திருவருளாகிய ஞாயிறு எழுந்தவழி அவ்விளக்கினால் ஆவது ஒன்றுமில்லை. இதனால், விளக்கே பதியெனக் கொள்ளல் சாத்திரக் கருத்தன்று என்பது போதரும். வேறுபாடு ஈண்டுக் கருதத்தக்கது: நெய்யற்று அவிதல் வேறு, ஞாயிற்றின்முன் ஒளி மழுங்கி நிற்றல் வேறு. முன்னது இழப்பு, பின்னது பேரொளியில் அடங்குதல்.

அவ்வதிகாரமே இருளுக்கும் ஆணவத்துக்கும் உள்ள வேற்றுமையையும் தெரித்துள்ளது. இருள் பிற பொருளை மறைத்துத் தன்னைக் காட்டும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். இருளாவது ஒளியின் இன்மையே எனத் தருக்க நூலார் கூறுவர். சித்தாந்திகள் அதனை உள்பொருளாகவே கொள்வர். ஏற்றிய விளக்கின் அடியில் நிழல் நிற்றலும், விளக்கு அவிந்த அக்கணமே இருள் வந்து சூழ்தலும் எவரும் காண்பன. ஒளி இருளைப் பாழாக்கிற்றில்லை. அதன் சத்தியை அடக்கிற்று. மலமும் இவ்வாறே முத்தியில் சத்தி மடங்கி நிற்கும் என்பது துணிபு.

அற்றேல், உயிர்க்கு உரிய இடம் விளக்கில் யாண்டுளது எனின், அதனை வகுத்துக் காட்டியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். நான்காந் திருமுறையுள் வரும் ஒரு திருநேரிசையில் உடம்பை மனையாகவும், உள்ளத்தைத் தகளியாகவும், உணர்வை நெய்யாகவும், உயிரைத் திரியாகவும், ஞானத்தைத் தீயாகவும் உருவகித்து, அவ்வொளியில் அமர்ந்து நோக்கின் முருகன் தாதையின் திருவடியைக் காணலாம் என அருளினார். ஆழ்வார்களுள் பூதத்தாழ்வார் அன்பைத் தகளியாகவும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு ஞானவிளக்கேற்றியது பலரும் அறிந்தது. அங்கே விளக்கு இறைவனுக்கு ஏற்றப்பட்டது. ஈண்டு இறைவனைக் காண்டற்கு ஏற்றப்பட்டது. அங்கே திரி சிந்தை. ஈண்டுத் திரி உயிரே. இவ்வேறுபாடு சித்தாந்தத்திற்கு இன்றியமையாதது.

உயிர் திரியாயின் அதுவும் எரிந்து கெடுமன்றோ எனின், கெடாது. நெய் ஊறிய திரியில் எரிவது நெய்யே. நெய் வறண்டவழியே திரி தான் கருகும். உணர்வாகிய நெய் இடையறாத உயிரைச் சிவஞானத் தீ சுடர்விக்குமேயன்றி அழியாது. நெய்யாகக் கூறப்பட்ட உணர்விற்கு அடையாய் நின்ற தொடர், மடமை பொருந்திய எனவும், மடமை கெடுதற்கு ஏதுவாகிய எனவும் இருவகையாற் பொருள்கொள்ள இடந்தரும். முன்னதே கொள்ளின், மடமையோடு கூடிய உணர்வு தீர்ந்தவழிச் சுடரும் அவியும் என்னும் பழைய குற்றமே வந்தெய்தும். நோய் தீரும் மருந்து என்புழிப்போல ஏதுப்பொருள் கொண்டு, மடமை கெடுதற்கு ஏதுவாகிய உணர்வு எனப் பின்னதைக் கொள்ளுதலே பொருத்தமாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்னுஞ் சித்தாந்தத் துணிபும் திரியின்கண் இனிது விளங்கும். நெய்யைச் சார்ந்து நெய்யாய் நிற்பதும், தீயைச் சார்ந்து தீயாய் நிற்பதும் ஒரு திரியே. அது தானே எரியமாட்டாது. எரியுங்காலும் தன் நுனிக்கரியைத் தானே நீக்கமாட்டாது. தூண்டுவான் ஒருவன் வேண்டும். அறிவித்தாலன்றி அறியாத உயிர்க்கு ஆசிரியன் வேண்டப்படுதல் இதனாற் புலனாம். திரியாகிய உயிரே நோக்கும் உயிருமாதல் எங்ஙனம் எனின், கண் தன் ஒளியும் விளக்கொளியும் கலந்து பொருளைக் காண்டல்போல, உயிர் அருளோடு கலந்து திருவடியைக் காணும் என அறிக. காணும் உயிரும், காட்டும் அருளும், காணப்படும் சிவமும் மூன்றாகவே நிற்றலின் முப்பொருளும் இவ்வுருவகத்தில் அமைந்தன.

புறத்தே விளக்கிடுதலின் பயன்பற்றி ஓர் ஐயம் நிகழும். சிவஞானசித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தில், அலகிடுதல், மெழுகுதல், மலர் தொடுத்தல் ஆகியவற்றோடு திருவிளக்கிடுதலைத் தாதமார்க்கத்துள் வைத்து, அதன் பயன் சாலோகம் என்றார் அருணந்திசிவம். திருநாவுக்கரசரோ இப்பணிகளின் பேறுகளை வகுத்தோதுமிடத்து விளக்கிட்டார் பேறு ஞானம் என்றருளினார். இவை முரணாவோ எனின், அப்பெருமானார் அருளிய மற்றொரு செய்தி இதற்கு விடையாகும். திருமறைக்காட்டில் எரிந்த தீபத்தில் மூக்குச் சுடப்பட்ட எலி, வெகுண்டு திரியைத் தூண்டியது. அதற்குப் பேறாக மூவுலக ஆட்சி எய்தியது. அவ்வெலியே மாவலியாயிற்று என்பர். அறியாது செய்த சிவபுண்ணியமும் வீண்போகாது. ஆயினும் அதன் பயன் போகமே. அறிந்து அன்பினால் இடுவார் எய்துவது ஞானம். செயல் ஒன்றாயினும் பயன் வேறாதற்குக் காரணம் உணர்வின் வேறுபாடே. சரியை முதலிய நான்கும் ஒவ்வொன்றும் நந்நான்காய் விரியுமாகலின், சரியையிற் சரியையாகத் தொடங்கிய விளக்குப்பணி சரியையில் ஞானமாகக் கனியும். சாலோகம் அவ்வழியில் ஒரு படியென்க, ஆகவே முரணில்லை.

நாயன்மார் வரலாறும் இதனை வலியுறுத்தும். திருவாரூரில் நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்தார். தில்லையிற் கணம்புல்லர் புல் போதாதவழித் தம் தலைமயிரை எரித்தார். திருவொற்றியூரிற் கலியர் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை நிறைக்கப் புகுந்தார். மூவர் விளக்கிலும் நெய்யில்லை. வற்றாத அன்பு ஒன்றே இருந்தது.

அங்ஙனமாயின் பித்தளையும் அணிவேலையும் வேண்டா என்பது கருத்தோ எனின், அன்று. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டதும், அவை சாவா மூவாப் பேராடுகள் எனப் பெயர்பெற்றதும், நாடோறும் உழக்கு நெய் அளக்க வகுத்ததும் காணப்படுதலின், முன்னையோர் அன்பிற்கு உருவமும் ஒழுங்கும் கொடுத்தமை தெளியலாம். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கம்மியர் வண்டல் மண்ணில் அச்சுச் செய்து, பாதம், தண்டு, அகல், முடி என்பவற்றைத் தனித்தனி வார்த்துக் கடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பொருத்துவர். உச்சியில் அன்னம் வீற்றிருக்கும். பித்தளையாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உயிருக்கும் ஆணவத்திற்கும் செம்பையும் களிம்பையும் உவமை கூறுதல் சித்தாந்த வழக்கு. நாடோறும் புளியிட்டு விளக்கினும் மறுநாள் மங்குதலை விளக்குடையார் அறிவர். புளி புறத்தழுக்கை நீக்கும். உடன்பிறந்த களிம்பை அறுப்பது இரசகுளிகையே. ஆயினும் நாடோறும் துலக்கும் கை அக்குளிகையின் வரவிற்கு ஆயத்தமாம்.

இக்காலத்து அழகிய பித்தளை விளக்குகள் பல, நெய்யுந் திரியுங் காணாமல் கூடத்தின் மூலையில் அணிகலனாக நிற்கின்றன. மேடைகளில் ஏற்றப்படுவனவும் சொற்பொழிவு முடியுமுன் அவிகின்றன. அவற்றின் அடியும் தண்டும் இன்ன தேவரென மனப்பாடஞ் செய்தல் எளிது. அத்திரி தன் உயிரே என்று உணர்ந்து ஒரு நாழிகை அதன்முன் அமர்தல் அரிது. அமர்ந்து நோக்குக என்பதன்றோ அரசர் கட்டளை. விளக்கை ஏற்றியபின் எழுந்து போகாதிருத்தலே அதன் பொருளை அறிதற்கு முதற்படியாம்.