லூசியும் லூசில் போலும்: இரசிக மனநிலை பற்றிய ஒரு குறிப்பு

ஒரு நடிகையை வாழ்நாள் முழுவதும் நேசிக்கும் இரசிகர் உண்மையில் எவரை நேசிக்கின்றார் என்ற வினாவை, அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் போலை (1911-1989) முன்வைத்து நாம் நோக்கலாம். 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' தொடரில் லூசி, இசைக்குழுத் தலைவன் ஒருவனின் மனைவி. கணவனின் மேடையில் தானும் தோன்ற அவள் மீண்டும் மீண்டும் சூழ்ச்சி செய்கின்றாள். பெரும்பாலும் தோற்று அடுக்களைக்கே திரும்புகின்றாள். அத்தோல்வியே நகைச்சுவையின் ஊற்று. நாமும் சிரித்திருக்கின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நடிகையின் வாழ்வோ வேறு. கணவர் டெசி ஆர்னாஸுடன் டெசிலு நிறுவனத்தை உருவாக்கிய அவர், மணமுறிவின் பின்னர் 1962இல் கணவரின் பங்கை வாங்கி அதன் தலைவரானார். 1936இல் கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்காளராக அவர் பதிந்திருந்தமை 1953இல் அம்பலமாயிற்று. கலைஞர் பலர் தொழிலிழந்த காலம் அது. பாட்டனாரை மகிழ்விக்கவே பதிந்ததாக அவர் விளக்கினார். அவரிடம் சிவப்பென்பது தலைமயிர் மட்டுமே என ஆர்னாஸ் பகிடியாக்கினார். தொடர் தப்பியது. இரசிகர் அன்று மன்னித்தது லூசில் போலை அன்று, ஒன்றுமறியாத லூசியையே என்பது எமது கருத்து.

படச்சுருளில் பதிவானமையால் அத்தொடர் மறுஒளிபரப்புகளில் நிலைத்தது. இரசிகர் முதுமையடைய, லூசி மட்டும் மூப்பின்றி இருந்தாள். 1986இல், 75 வயதில், லூசில் போல் புதிய தொடரொன்றில் ஒரு பாட்டியாகத் தோன்றினார். எட்டு அத்தியாயங்களுடன் அது நிறுத்தப்பட்டது.