படிவத்தைத் திருத்தும் அதிகாரம் யாரிடம்?

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் இயங்கும் அபிவிருத்தி நிறுவனங்களை மதிப்பிடுவோர் நிதித்தொகையையும் பயனாளிகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஊழியர் எங்கிருந்து வந்தார், எந்தப் பதவியில் அமர்த்தப்பட்டார் என்று கேட்பவர் குறைவு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடம் தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப வந்த நிறுவனங்களின் ஊழியர் தகுதியை ஆராயாத மதிப்பீடு அரைகுறையானது.

பசறையானாலும் அப்புத்தளையானாலும் பணியாளர் வரிசை பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். மேலே பொருளியலோ விவசாயமோ கற்று, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள். கீழே லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து உயர்தரம் படித்த வெளிக்கள உத்தியோகத்தர்கள். மேலே இருப்போரின் புலமையைக் குறைத்துப் பேசுவது நேர்மையன்று. மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29இல் மண் சரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தை எச்சரித்திருந்தது. லயத்தில் பிறந்த அனுபவம் மட்டும் அந்த அறிவைத் தந்திராது. ஆயினும் எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

குறை புலமையில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று கணக்கெடுப்புப் படிவம் கேட்கிறது. கொழுந்தின் நிறை குறைந்த நாளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். வேலைக்காக மலையேறிய நாள்களை எண்ணினால் ஒரு தொகை வரும். செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் விழுந்த பேரை எண்ணினால் வேறொன்று வரும். லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் உத்தியோகத்தருக்கு, தன் அம்மாவின் சம்பளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, இது நன்றாகத் தெரியும். படிவத்தை வரைந்தவருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கோ அதைத் திருத்தும் அதிகாரமில்லை. பிழையான வருமானக் கணக்கின் மேல் அடுத்த திட்டம் எழுப்பப்படுகிறது.

தோட்டத்தாருக்கு முடிவெடுப்பில் இடம் தர முயன்ற இரு முன்மாதிரிகளை எடைபோடலாம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றபோது உருவாகி, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறிய அமைப்பில் அரசு, கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் பங்காளிகள். வீடும் பிள்ளைக் காம்பரா எனும் குழந்தைக் காப்பகமும் பற்றிய நீண்ட பட்டறிவு அதன் பலம். தொழிற்சங்கத்துக்கு வெளியே நிற்கும் தோட்டத்து இளைஞருக்கு அந்த மேசையில் ஆசனமில்லை என்பது அதன் பலவீனம். கெயார் என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் தோட்டங்களில் அமைத்த சமூக அபிவிருத்தி மன்றங்கள் நிர்வாகத்தையும் தொழிலாளரையும் இளைஞரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தன. முறையியலில் இது உயர்ந்த படி. ஆனால் திட்டக் காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படும் ஊழியர், ஒப்பந்தம் முடிந்ததும் தாம் கற்றதையும் கொண்டே வெளியேறுகிறார். எந்த நிறுவனமும் இதற்கு விலக்கன்று.

எனவே தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தோம் என்ற பெருமையைச் சாதனையாக ஏற்க முடியாது. அவர்களில் எத்தனை பேர் திட்டத்தை வரையும் பதவியில், நிரந்தரமாக, தமிழில் எழுதும் உரிமையோடு இருக்கிறார்கள் என்பதே அளவுகோல். ஊவாவில் இன்றுவரை நிகழ்ந்த பணியமர்த்தலில் கணிசமானது அந்த அளவுகோலில் தேறாது.