தேர்வுக் கட்டுரையும் திறனாய்வும்

தமிழில் ஆண்டுதோறும் மிகுதியாக எழுதப்படும் உரைநடை வகை எது என்று கேட்டால், அன்பர்கள் சிறுகதை என்பர். சிலர் செய்திக் கட்டுரை என்பர். எமக்குத் தோன்றுவது வேறு. பங்குனி பிறக்கும் காலத்தில் தமிழகமெங்கும் இலட்சக்கணக்கான இளையோர் குனிந்த தலை நிமிராமல் எழுதுகின்றார்களே, அந்தத் தேர்வுக் கட்டுரைதான் அது. எழுதியவர் பெயர் திருத்துபவர்க்குத் தெரியாது. திருத்துபவர் முகம் எழுதியவர்க்குத் தெரியாது. ஒருவர் ஒரு முறை படித்து மதிப்பெண் இட்டு மூடிவிடும் இவ்வெழுத்தைத் திறனாய்வாளர்கள் தம் கவனத்துக்கு உரியதாகக் கருதுவதில்லை. ஆயினும், ஒரு தலைமுறை இலக்கியத்தையும் வரலாற்றையும் எவ்வாறு எண்ணிப் பார்க்கிறது என்பதைக் கவிதைத் தொகுப்புகளைவிட இவ்விடைத்தாள்களே தெளிவாகக் காட்டும். ஆதலின் இதனையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு ஆராய்வது தகும்.

ஆரணியில் தறிச் சத்தத்தினிடையே படிக்கும் பிள்ளைகளுக்கு யாம் பல்லாண்டுகளாகத் தமிழும் அரபும் கற்பித்து வருகிறோம். அவர்களுள் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரின் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். கையெழுத்து பத்து, கட்டுரை ஒன்று. முன்னுரை, உள் தலைப்புகள், முடிவுரை என்னும் அமைப்பு ஒன்றாக இருப்பதில் குற்றமில்லை. தொடர்களும் ஒன்று, உவமைகளும் ஒன்று, வியப்புக் குறி விழும் இடமும் ஒன்று என்னும்போதுதான் ஐயம் எழுகிறது.

செய்யுள் நயம் பாராட்டும் வினாவை எடுத்துக்கொள்வோம். முன்பின் பார்த்திராத ஒரு பாடலைக் கொடுத்து அதன் நயத்தைச் சொல்லுக என்பது நல்ல வினா. கவிதையும் மாணவனும் நேருக்கு நேர் சந்திக்கும் ஒரே இடம் அது. ஆனால் நடப்பது என்ன? திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், சந்த நயம், அணி நயம் என்று தலைப்புகள் முன்னரே மனத்தில் வரிசையாக நிற்கின்றன. மோனைக்கு யானையையும் எதுகைக்கு வைகையையும் இணைத்து வழங்கும் இரண்டு சொலவடைகள் தவறாமல் வந்து அமர்கின்றன. முதலெழுத்து ஒன்றிய சொற்களைப் பொறுக்கி ஒரு கட்டம், இரண்டாம் எழுத்து ஒன்றியவற்றைப் பொறுக்கி மற்றொரு கட்டம். ‘பாடுவதற்கும் கேட்பதற்கும் இனிமை பயக்கிறது’ என்று சந்தத்துக்கு ஒரு வாக்கியம். பாடல் இரங்கற்பாவாக இருந்தாலும் அதே இனிமைதான்! அந்த மோனை அந்தப் பாடலில் என்ன செய்கிறது என்ற வினா எழுவதே இல்லை. எண்ணுதல் வேறு, பாராட்டுதல் வேறு.

இந்நிலைக்கு உரைநூல்களைப் பழிப்பது எளிது, நியாயமன்று. கோனார் உரை என்ற பெயர் தமிழகத்து மாணவர் வீடுகளில் எத்தனை பரவியது என்பதை யாவரும் அறிவர். வீட்டில் எழுத்தறிந்தார் எவருமில்லாத பிள்ளைக்குச் செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் சொல்ல இரவில் துணை நின்றவை அத்தகைய உரைகளே. குறை நூலில் இல்லை. அதனைக் கையாளும் முறையில் இருக்கிறது. எங்கள் ஊர்த் தறிகளில் ஜக்கார்டுப் பெட்டி உண்டு. துளையிட்ட அட்டை சுழலச் சுழல, துளை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப இழை எழும். பூவும் மயிலும் பிழையின்றி வந்து விழும். நெய்பவர்க்குக் கைத்திறன் வேண்டும், ஐயமில்லை. ஆனால் அந்த மயில் அவர் எண்ணியதன்று. அட்டையைக் குத்தியவர் எண்ணியது. சேலைக்கு அது போதும்.

அடுத்து, சீறாப்புராணத்தைப் பற்றிய ஒரு கட்டுரை. உமறுப் புலவரின் காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களை உடையது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. இவ்வளவும் எல்லா விடைத்தாள்களிலும் உண்டு. வள்ளல் சீதக்காதியும் தவறாமல் இருப்பார். பின்னர் உவமை நயம், கற்பனை நயம், முடிவுரை. முஸ்லிம் மாணவனும் பிற மாணவனும் இதில் வேறுபடுவதில்லை. இருவரும் ஒரே பக்தியோடு ஒரே வாக்கியத்தை எழுதுகின்றனர்.

உண்மையில் இக்காப்பியத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கடினமான வினா ஒன்று நாட்டுப் படலத்திலேயே நிற்கிறது. மணலும் பாறையுமாகிய அரபு நாட்டில் மழை பொழிகிறது. ஆறு பெருகிக் குறிஞ்சியும் முல்லையும் மருதமும் கடந்து ஓடுகிறது. உழவர் வயலில் இறங்குகின்றனர். அரபு நாட்டின் நிலவியல் அறிந்தவன் இது பொருந்தாது என்பான். தண்டியலங்காரம் படித்தவனோ, மலை, கடல், நாடு, நகர் முதலிய வருணனைகள் பெருங்காப்பியத்துக்கு உரிய உறுப்புகள் ஆதலின், இது மரபு என்பான். கம்பனின் கோசலத்தைக் கற்றவன், உமறுவின் கண் எங்கே பழகிற்று என்று காட்டுவான். இம்மூன்றையும் அறிந்து, ‘இது குறையா, மரபா, அன்றித் தன் நபியைத் தன் மண்ணிலேயே காண விழைந்த ஒரு தமிழனின் உரிமையா’ என்று ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்ததற்குப் பாடலிலிருந்தே சான்று காட்டி எழுதுகின்றவன் முதல் தரத்தான். அவன் எந்தப் பக்கம் சாய்ந்தான் என்பது மதிப்பெண்ணுக்குரிய பொருளன்று. யாம் மரபு என்ற பக்கமே சாய்வோம். எதிர்ப்பக்கம் நின்று நன்றாக வாதிடும் பிள்ளைக்கு எம்மைவிட ஒரு மதிப்பெண் கூடத் தரலாம்!

‘மனனம் செய்து ஒப்புவிப்பதுதானே நம் பழைய மரபு, மத்ரஸாவிலும் திண்ணைப் பள்ளியிலும் அதைத்தானே செய்தார்கள்’ என்று சிலர் இந்நிலைக்குச் சமாதானம் கூறுவதுண்டு. இரு மரபையும் அறியாதவர் கூற்று இது. மனனம் அங்கே வாயிற்படி; வீடு உள்ளே இருந்தது.

1377ஆம் ஆண்டளவில் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், கல்வியைப் பற்றிய பகுதியில் இன்றைய உரைநூல் விவகாரத்தையே பேசுகிறார். ஒரு கலையின் பரப்பையெல்லாம் சில சொற்களில் இறுக்கிக் கட்டிய சுருக்க நூல்கள் பெருகுவது கற்பித்தலுக்குக் கேடு என்பது அவர் முடிவு. கற்கத் தொடங்குபவன் முடிவுகளை மட்டும் விழுங்குகிறான். அவற்றுக்கு ஏறிய படிகள் அவனுக்குத் தெரிவதில்லை. இதற்கு அவர் காட்டும் சான்றுகளில் இப்னுல் ஹாஜிபும் இப்னு மாலிக்கும் உளர். (அதே இப்னுல் ஹாஜிபின் ‘காஃபியா’வை எம் போன்றோர் இளமையில் நெட்டுருச் செய்தோம் என்பது வேறு செய்தி.) மற்றோரிடத்தில், மக்ரிபின் கல்விக்கூடங்களில் மாணவர் பதினாறு ஆண்டு தங்குவதையும், தூனிஸில் ஐந்தாண்டே போதுமாக இருப்பதையும் ஒப்பிட்டுக் காரணம் தேடுகிறார். மக்ரிபின் மாணவர் சபையில் வாய் திறவாது, விவாதத்தில் கலவாது, தேவைக்கு மேல் மனனம் செய்வதில் காலம் கழித்தமையே காரணம் என்கிறார். அதனால் கல்வி அவர்கள் இயல்பாக ஊறவில்லை. ‘மலக்கா’ என்று அவர் கூறுவது இந்த ஊறிய திறத்தைத்தான்.

தமிழிலும் பவணந்தியார் இதைக் கணக்கிட்டே கூறியுள்ளார். ஆசிரியர் வாயிலாகக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வாரோடு கலந்து பெறுவது கால் பங்கு. எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்புவது என்பது நன்னூலின் கருத்து. மாணாக்கரைத் தரம் பிரிக்கையில் நீரைப் பிரித்துப் பாலைக் கொள்ளும் அன்னத்தையும், மேய்ந்ததை அசைபோடும் பசுவையும் அவர் முதல் தரத்தில் வைத்தார். சொன்னதைச் சொல்லும் கிளியை இடைத்தரத்தில் நிறுத்தினார். இன்று நாம் கிளிக்கு நூற்றுக்கு நூறு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் உரையாசிரியர்களைப் பாருங்கள். பரிமேலழகர் ஒரு குறளுக்குப் பொருள் கூறிவிட்டு, வேறு பொருள் கொள்வாரும் உளர் என்று எதிர்க்கட்சியையும் எடுத்து வைத்து, அது ஏன் பொருந்தாது என்று காரணம் கூறித் தள்ளுவார். அவர் தள்ளியது சரியா என்பதில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். தள்ளிய முறையில் இருக்க முடியாது. மத்ரஸாவில் இதற்கென்றே ‘முனாழரா’ என்னும் தனிக்கலை உண்டு. லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமியில் ‘ரஷீதிய்யா’ ஓதியவர்கள் அறிவர்: ஒருவன் கூற்றை மறுப்பவனுக்கு மூன்று வழிகளே உண்டு. ‘இக்கூற்றுக்கு ஆதாரம் தா’ எனலாம். ‘நீ தந்த ஆதாரம் நிற்காது’ என்று காட்டலாம். ‘இதற்கு மாறான முடிவுக்கு என்னிடம் ஆதாரம் உண்டு’ எனலாம். வேறு கூச்சலுக்கு இடமில்லை. இலக்கியத்திலோ வரலாற்றிலோ முதல் தரக் கட்டுரை எழுத விரும்பும் மாணவனுக்கு இம்மூன்று வினாக்களையும் தன் கட்டுரையை நோக்கித் தானே கேட்கக் கற்பித்தால் போதும்; பாதிப் பயிற்சி முடிந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். இங்கேதான் எமக்கு மிகுந்த வருத்தம். கருநாடகப் போர்களைப் பற்றி விவரி என்றால் எம் பிள்ளைகள் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்பிட்டு 1748, 1754, 1763 என்று உடன்படிக்கைகளைப் பிழையின்றி அடுக்குவர். 1751இல் ஆற்காட்டை முற்றுகையில் காத்த கிளைவை ‘ஆற்காட்டு வீரர்’ என்பர். அம்முற்றுகை முடிந்த சில நாளில், 1751 டிசம்பர் 3ஆம் நாள், கிளைவும் மராட்டியக் குதிரைப்படையும் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் முறியடித்த இடம் அவர்கள் அமர்ந்து எழுதும் இதே ஆரணி என்பதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்? முப்பத்தோராண்டு கழித்து 1782 ஜூன் 2ஆம் நாள், ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மீண்டும் மோதியதும் இவ்வூரின் அருகில்தான். தம் காலடி மண்ணைத் தாண்டிச் சென்று, அச்சிட்ட ஒரு பக்கத்தை ஒப்புவித்துவிட்டு வருகின்றனர். ஊர்ப்பற்றுக்காக இதைச் சொல்லவில்லை. சான்றைத் தேடும் கண் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆற்காட்டு முற்றுகையைப் பற்றி ஒரு கதை உண்டு. உணவு குறைந்தபோது நாட்டுச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையர்க்குக் கொடுத்துவிட்டுத் தாம் கஞ்சியைக் குடித்தனர் என்பது. மெக்காலே 1840இல் எழுதிய கிளைவ் பற்றிய கட்டுரையில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. ஹதீஸ் கலை பயின்ற எவரும் முதலில் கேட்பது, ‘இதனை அறிவிப்பவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?’ என்பதே. நிகழ்ச்சிக்கும் மெக்காலேக்கும் இடையே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள்! இடைப்பட்ட அறிவிப்பாளர் சங்கிலி எங்கே? இக்கேள்வியை ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதினால், கதையை அழகாக எழுதிய பிள்ளையைவிட இவனே வரலாறு கற்றவன்.

சான்றுகளுக்கும் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் கம்பெனியின் ஊழியரும் கிளைவின் நண்பருமான ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாறு. தமிழில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பாரசீகத்தில் முகம்மதலி வாலாஜாவின் ஆதரவில் புர்ஹான் இப்னு ஹஸன் எழுதிய ‘துஸுகே வாலாஜாஹி’. இதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1930களில் வெளிவரச் செய்தார். மூவரும் மூன்று எசமானர்களின் உப்பைத் தின்றவர்கள். அதனால் அவர்களைத் தள்ளவேண்டியதில்லை. ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றால் உரசிப் பார்க்கவேண்டும். அவ்வாறு பார்த்தால், போரின் முடிவு ஆற்காட்டிலா தீர்ந்தது என்ற வினா எழும். 1752 ஜூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்ததும், சந்தா சாகிப் கொல்லப்பட்டதும், 1754இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டதும் ஆற்காட்டைவிட எடை மிகுந்தவை என்று ஒருவன் வாதிடலாம். ஆற்காட்டுத் திசைதிருப்பம் இல்லையேல் திருச்சியே வீழ்ந்திருக்கும் என்று மற்றொருவன் மறுக்கலாம். இரண்டும் முதல் தரக் கட்டுரைகளே.

இதற்கு ஆசிரிய அன்பர்கள் கூறும் மறுப்பு எமக்குத் தெரியும், வலிமை உடையது. திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு உண்டு, நேரம் குறைவு, குறிப்பிலுள்ள சொல் இல்லையேல் மதிப்பெண் போய்விடும். நெசவாளி வீட்டுப் பிள்ளை தன் சொந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் களமா பொதுத்தேர்வு? பெருந்திரளை நடுநிலையோடு தரம் பிரிக்க ஒரு சட்டகம் தேவை என்பதும் மெய்யே. சீனத்தில் நூற்றாண்டுகளாக அரசுப் பணித் தேர்வில் எட்டு உறுப்புடைய கட்டுரை ஒன்றே வழங்கியதும் அந்த நியாயத்தால்தான். 1905இல் அத்தேர்வு முறையே ஒழிக்கப்படும் முன்னர், அக்கட்டுரை அறிவை வற்றச் செய்கிறது என்று அந்நாட்டு அறிஞர்களே பலகாலம் முறையிட்டிருந்தனர்.

ஆனால் அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுபவன் அல்லன். இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண், மூன்று மணி நேரத்தில் இரண்டே கட்டுரைகள், தமிழிலும் எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகக் கொண்டால் மேலும் இரண்டு தாள்கள். அங்கே யானையும் வைகையும் உதவா. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஆளுண்டு, நகரத்தில் பயிற்சி நிலையம் உண்டு. எம் ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியரை விட்டால் எவருமில்லை. பாதுகாப்பு என்று நாம் கற்பித்த சட்டகமே அங்கே அவனை மறித்து நிற்கிறது.

சட்டகத்தை உடைக்க வேண்டியதில்லை. முன்னுரையில் கவிஞரின் பிறப்பிடத்தைக் கூறுவதற்குப் பதிலாக, கேட்ட வினாவுக்குத் தன் விடை இன்னது என்று இரண்டு வரியில் கூறட்டும். ஒவ்வொரு உள் தலைப்பும் அவ்விடைக்கு ஒரு சான்றாக நிற்கட்டும். நில்லாதது எத்துணை அழகானதாயினும் நன்னூலார் கூறிய ‘மற்றொன்று விரித்தல்’ என்னும் குற்றமே. எதிர்ப்பக்கத்தின் வலிமையான வாதம் ஒன்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும். இவ்வாறு எழுதினால் விடைக்குறிப்பின் சொற்கள் அனைத்தும் தாமே வந்துவிடும். ஒரு மதிப்பெண்ணும் குறையாது. வினாத்தாள் அமைப்போரிடமும் வேண்டுவது ஒன்றுண்டு. ‘விவரி’, ‘தொகுத்தெழுது’ என்ற ஏவல்களுக்கு இடையே, ஆண்டுக்கு ஒன்றேனும், ‘ஆற்காட்டு முற்றுகையா, திருவரங்கச் சரணா, எது போரின் முடிவைத் தீர்மானித்தது? காரணம் தருக’ என்பது போன்ற வினா வரட்டும். அதனை எழுதும் ஆரணிப் பிள்ளை, டிசம்பர் 3ஆம் நாள் தன் ஊரில் நடந்த போருக்கு அவ்விரண்டினிடையே எந்த இடம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.