160 ஜிபி தோடி

என் ஐபாட் கிளாசிக்கில் 'ஜானர்' பட்டியலைத் திறந்தால் ராக், பாப், ஜாஸ் எதுவும் வராது. ஆபேரி, ஆபோகி, அமிர்தவர்ஷிணி, ஆனந்தபைரவி, ஆரபி, அடாணா என்று ஆங்கில அகரவரிசையில் ராகங்கள் இறங்கும். விரலால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் பைரவி, பிலஹரி. இன்னும் கொஞ்சம் போனால் காம்போஜி, கரகரப்பிரியா. வேகமாகச் சுற்றும்போது திரையின் நடுவில் பெரிதாக ஓர் எழுத்து வந்து வந்து மறையும். 'டி' வந்ததும் விரலை மெதுவாக்கினால் போதும், தோடி கிடைத்துவிடும்.

தோடிக்குள் நுழைந்தால் ராஜரத்தினம் பிள்ளை இருக்கிறார், மதுரை மணி ஐயர் இருக்கிறார், செம்மங்குடி, எம்.டி. ராமநாதன், பிருந்தா, எம்.எஸ். எல்லாரும் இருக்கிறார்கள். ஒரே ராகம், ஒரே மாலை, ஒருவர் பின் ஒருவர். ஒருவர் காந்தாரத்தை அசைத்த அசைவு காதில் இருக்கும்போதே அடுத்தவர் அதே காந்தாரத்தில் வந்து நிற்பார். எந்த சபா செயலாளராலும் போட முடியாத கச்சேரி இது! சட்டைப் பைக்குள் இருக்கும் சின்னப் பெட்டி எனக்கு அதைத் தினமும் போட்டுத் தருகிறது.

செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஐடியூன்ஸில் சில கட்டங்கள் உண்டு. பாடியவர் பெயர் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில். 'கம்போஸர்' கட்டத்தில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி, பாபநாசம் சிவன். சினிமாப் பாட்டு என்றால் அங்கே இசையமைப்பாளர். வெறுமனே கிடந்த 'ஜானர்' கட்டத்தில் ராகத்தைப் போட்டேன். ராகம் தெரியாத பாட்டுக்குக் கேட்டு, விசாரித்து, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் போட்டேன். இளையராஜாவின் பெயரை ஆளுக்கொரு ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்திருப்பார்கள். அத்தனையையும் ஒன்றாக்கி முடித்த ராத்திரி எனக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. இந்த வேலையை அலுப்பு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒவ்வொரு பாட்டையும் கையால் தொட்டு எடுத்து வைத்தவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று மனதிலேயே தெரியும்.

இதற்கெல்லாம் இடம் வேண்டும். அதனால்தான் கொள்ளளவைப் பற்றி இவ்வளவு வெறியோடு பேசுகிறேன். 2001 அக்டோபரில் முதல் ஐபாட் அறிமுகமானபோது அதில் 5 ஜிபி இருந்தது. ஆயிரம் பாட்டு என்றார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி. கச்சேரிக்கோ? மூன்று மணி நேரக் கச்சேரியை 256 கேபிபிஎஸ் தரத்தில் வைத்தால் சுமார் 345 எம்பி. 5 ஜிபியில் பதினான்கு கச்சேரிகூடத் தாராளமாக அடங்காது. ஒரு டிசம்பர் சீசனுக்கே பற்றாது. 160 ஜிபி என்றால் நானூறு கச்சேரிக்கு மேல். அந்த எண்ணிக்கையில்தான் ஒரு ராகத்தை நாலு தலைமுறையும் பாடியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. பாட்டு நிறைய இருப்பது பெருமைக்காக அல்ல, ஒப்பிட்டுக் கேட்பதற்காக. அந்த ருசி கண்டவர்கள் 16 ஜிபி போனில் 'எதை நீக்கலாம்' என்று யோசிக்கும் வாழ்க்கைக்குத் திரும்ப மாட்டார்கள்.

2007இல் வந்த முதல் 160 ஜிபி கிளாசிக் கொஞ்சம் தடிமன், 13.5 மில்லிமீட்டர். 2009இல் அதே 160 ஜிபியை 10.5 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். என்னிடம் இருப்பது அந்த 2009 மாடல். முன்பக்கம் அலுமினியம், பின்பக்கம் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் ஸ்டீல். பின்பக்கத்தில் கீறல் விழத்தான் செய்யும், விழட்டும். திரை இரண்டரை அங்குலம். பாட்டின் பெயரைப் படிக்க அதற்கு மேல் எதற்கு?

வாங்கியபோது உள்ளே இருந்தது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். ராத்திரி அமைதியாக இருக்கும்போது பெட்டியைக் காதோடு ஒட்டி வைத்துப் பாட்டைத் தட்டினால் கேட்கும்: மெல்லிய ஒரு 'விர்', அதற்குள் 'டிக் டிக்' என்று படிக்கும் முனை நகரும் சத்தம், சில நொடியில் அடங்கிவிடும். வரப்போகும் பாட்டுகளையும் சேர்த்து 64 எம்பி நினைவகத்துக்குள் இழுத்துக்கொண்டு டிஸ்க் தூங்கப் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த சில பாட்டுகள் வரைக்கும் அதற்கு வேலை இல்லை. அந்தத் தூக்கத்தால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் 36 மணி நேரம் பாடும் என்று சொல்ல முடிந்தது. ஒலியில் எதையும் இழக்காமல் 'லாஸ்லெஸ்' தரத்தில் போட்டால் 64 எம்பியில் இரண்டு பாட்டுதான் பிடிக்கும், டிஸ்க் அடிக்கடி விழிக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். நான் எம்.டி. ராமநாதனுக்கு மட்டும் அந்தச் சலுகை கொடுத்திருக்கிறேன். அந்தக் கனத்த குரலின் அடித்தளத்தில் ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது.

சக்கரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பையில் விட்டு, பார்க்காமலே சத்தத்தைக் கூட்டலாம், பாட்டைத் தாண்டலாம். விரல் நகரும் ஒவ்வொரு அடிக்கும் உள்ளிருந்து ஒரு 'க்ளிக்'. நடுப் பொத்தானை ஒருமுறை அழுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் பாட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் போகலாம். ஐம்பது நிமிட ராகம் தானம் பல்லவியில் தானம் தொடங்கும் இடத்துக்கு நொடியில் போய்விடுவேன். தொடுதிரையில் கட்டைவிரலை வைத்து அந்த இடத்தைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று, இடைவெளி இல்லாமல் பாடுவது. கச்சேரி சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், கிருதி ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று வெட்டியிருப்பார்கள். சாதாரணக் கருவிகளில் ஒவ்வொரு வெட்டிலும் அரை நொடி மௌனம் வந்து விழும். தம்புரா அறுந்து மறுபடி ஒட்டுவதைப் போல் கொடுமை எதுவும் இல்லை. கிளாசிக்கில் அந்த வெட்டு காதுக்குத் தெரியவே தெரியாது. மிருதங்கக்காரர் தனி முடித்துத் தீர்மானம் வைக்க, பாடகர் பல்லவியை எடுக்க, கைதட்டலும் சேர்ந்து ஒரே ஓட்டமாக வரும்.

சினிமாப் பாட்டையும் ராகத்தில் சேர்த்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். ரீதிகௌளையைத் திறக்கிறேன். சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' இருக்கிறது. அடுத்து, 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது. அதற்கடுத்து 'முதல்வன்' படத்துக்கு ரஹ்மான் போட்டது. பிறகு 2008இல் 'சுப்ரமணியபுரம்' படத்தில் ஜேம்ஸ் வசந்தன் போட்டு ஊரே முணுமுணுத்த பாட்டு. சாஸ்திரி காலத்து ராகம் சினிமாத் தியேட்டருக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது, நுழைந்த பிறகு எதை விட்டுக்கொடுத்தது, எதை விடாமல் வைத்துக்கொண்டது எல்லாம் அரை மணி நேரத்தில் காதுக்கே புரிகிறது. என் தங்கை மகள் ரீதிகௌளையை அடையாளம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது இந்த வரிசையில்தான். "மாமா, இது அந்த ராகம்தானே!" என்று அவள் கிருதியின் நடுவில் துள்ளியதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

கேசட்டுகள் தனிக் கதை. வீட்டில் பரணில் டிடிகே 90 நாடாக்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. ரேடியோவிலிருந்து அப்பா பதிவு செய்தவை. ஒரு பக்கம் 45 நிமிடம். நல்ல இடத்தில் பக்கம் முடிந்துவிடும், திருப்பிப் போடுவதற்குள் நாலு ஆவர்த்தனம் போயிருக்கும். டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆடாசிட்டியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிந்தேன். நாடா ஓடும் நேரம்தான் பதியும் நேரமும், குறுக்குவழி கிடையாது. அவசரமில்லாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டே செய்யும் வேலை, அதனால் அதுவும் இன்பம்தான். சில நாடாக்களின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் குரலும், பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் இருக்கின்றன. அவற்றை வெட்டவில்லை.

இந்தப் பதிவுகள் எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் கிடையாது. அங்கே இருப்பவையும் என்னுடையவை அல்ல. உரிமம் முடிந்தால் ஒரு காலையில் பட்டியலில் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். பலவற்றில் சந்தா கட்டினால்தான் முழுதாகப் பாடும், முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் சிக்னல் இருந்தால்தான் பாடும். என் பெட்டி வால்பாறை மலைப்பாதையிலும் பாடும், விமானத்திலும் பாடும். நடுவில் போன் வராது, வாட்ஸ்அப் ஒலிக்காது. ஆலாபனை கேட்கும்போது ஆலாபனை மட்டும்தான். 'இதையும் விரும்புவீர்கள்' என்று எதையும் திணிக்காது. அந்த வேலைக்கு நானே ஒரு ஸ்மார்ட் பிளேலிஸ்ட் போட்டு வைத்திருக்கிறேன்: இருபது நிமிடத்துக்கு மேல் நீளம், ஆறு மாதமாகக் கேட்காதது. தினம் காலையில் அதிலிருந்து ஒன்று. என்னிடமே இருந்து நான் மறந்துபோன கச்சேரி ஒன்று திடீரென்று எழுந்து வரும் சுகம் இருக்கிறதே!

2014 செப்டம்பரில் கிளாசிக்கை நிறுத்திவிட்டார்கள். உதிரி பாகங்கள் கிடைக்கவில்லை என்று ஆப்பிள் நிறுவனத்தின் டிம் குக் காரணம் சொன்னார். ஆனால் கிளாசிக் சாகவில்லை. உலகம் முழுக்க இதன் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு நினைவக அட்டை பொருத்த ஐஃப்ளாஷ் என்ற சிறு பலகையைப் பயன்படுத்துகிறார்கள். 2009 மாடல் பெரிய அட்டைகளையும் ஏற்றுக்கொள்ளும். பின்மூடியை உலோகக் கொக்கிகள் இறுக்கிப் பிடித்திருக்கும், திறப்பதற்குப் பொறுமையான கை வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் ஒரு தம்பி மெல்லிய தகட்டை விளிம்பில் விட்டு, ஒவ்வொரு கொக்கியாக எடுத்து, ஒரு கீறல் விழாமல் திறந்து கொடுத்தார். இப்போது உள்ளே 512 ஜிபி. சுழலும் டிஸ்க் இல்லாததால் பேட்டரியும் இன்னும் நீண்டு ஓடுகிறது, பெட்டி கையில் இலேசாகவும் ஆகிவிட்டது. அந்த 'விர்' சத்தம் போய்விட்டதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஏக்கம் உண்டு.

பழைய கிளாசிக் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நகர்கிறதா, ஹெட்ஃபோன் துளையில் இரண்டு காதுக்கும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

என் பெட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இடம் காலி. கதாகாலட்சேபப் பதிவுகள் ஒரு நண்பரிடம் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வரப் போகிறேன். அவற்றுக்கு 'ஜானர்' கட்டத்தில் என்ன போடுவது என்று இப்போதே அவரோடு வாக்குவாதம் ஆரம்பித்தாகிவிட்டது.