அதை எப்படி அளப்பது? சார்பியல் தந்த கேள்வியின் வலிமையும் வரம்பும்

இயற்பியலில் ஒரு சொல்லைக் கையாள்கிறவர், அந்தச் சொல் குறிப்பதை எப்படி அளப்பது என்றும் சொல்லியாக வேண்டும். இந்த நிபந்தனைக்கு 20ஆம் நூற்றாண்டில் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது சார்பியல் கோட்பாடு. அந்த மதிப்பு எவ்வளவு தூரம் தகும் என்பதற்குச் சார்பியலின் வரலாறே சாட்சி. அந்த நிபந்தனையின் வலிமைக்கும் வரம்புக்கும் அது சாட்சி சொல்கிறது.

1687இல் நியூட்டன் வகுத்த இயக்கவியலில் காலம் எல்லாருக்கும் பொது. 1905இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் அந்தப் பொதுக் காலத்திடம் விளக்கம் கேட்டார். தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன என்கிறோமே, அது எப்படித் தெரியும்? இரண்டு இடத்திலும் கடிகாரம் வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிலிருந்து ஒளியை அனுப்பி, மற்றதில் பட்டுத் திரும்ப வைத்து, போக ஆன நேரமும் வர ஆன நேரமும் சமம் என்று கொண்டால் இரண்டையும் பொருத்திவிடலாம். சீராக நகரும் எல்லாருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே; ஒளியின் வேகம் அதை உமிழும் பொருளின் வேகத்தைச் சார்ந்ததல்ல. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தரையில் நிற்பவருக்கு ஒரே நேரத்தில் நடந்தவை, ஓடும் ரயிலில் இருப்பவருக்கு முன்பின்னாக நடந்தவை ஆகிவிடுகின்றன.

ஒளியைக் கொண்டு கடிகாரங்களைப் பொருத்தும் யோசனையை அதற்கு முன்பே பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாங்கரே எழுதியிருந்தார். தேவையான சமன்பாடுகள் 1904க்குள் டச்சு இயற்பியலாளர் லோரென்ஸிடம் இருந்தன. ஆனால் லோரென்ஸ் அந்தச் சமன்பாடுகளில் வரும் 'உள்ளூர் நேரத்தை'க் கணக்குக்கான வசதியாகவே கருதினார். ஒளியைச் சுமப்பதாகக் கருதப்பட்ட ஊடகமான ஈத்தரைப் பாங்கரே கைவிடவில்லை. தத்துவ அறிஞர்களான ஹியூமையும் மாஹையும் நண்பர்களோடு கூடிப் படித்திருந்த ஐன்ஸ்டைன், அளவிட முடியாத பொதுக் காலத்துக்கும் ஈத்தருக்கும் இயற்பியலில் வேலை இல்லை என்றார். இந்த முறையின் வலிமை இதுதான்: பழக்கத்தால் உண்மைபோல நிலைத்துவிட்ட ஊகங்களை அது அடையாளம் காட்டிவிடும். அன்று நடைமுறைக்கு எட்டாததாகத் தோன்றிய கடிகாரப் பேச்சு இன்று அன்றாடத் தேவை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைச் சரிசெய்யாவிட்டால் நம் கைப்பேசி காட்டும் இடம் தவறாகிவிடும்.

இந்த வெற்றியைக் கண்டு, உயர் அழுத்த ஆய்வில் பேர்பெற்ற ஹார்வர்டு இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் 1927இல் அதைப் பொதுவிதியாகவே அறிவித்தார். ஒரு கருத்தின் பொருள் அதை அளக்கும் செயல்முறையே. செயல்முறை மாறினால் கருத்தும் மாறும் என்றார். முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது.

மியுவான் என்ற துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளிகூட 660 மீட்டர்தான் செல்லும். ஆனாலும் பல கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் மியுவான்கள் ஏராளமாகத் தரையை எட்டுகின்றன. வேகத்தால் அவற்றின் ஆயுள் நமக்கு நீண்டு தெரிகிறது. 1971இல் விமானங்களில் உலகைச் சுற்றிய சீசியம் கடிகாரங்களும் சார்பியல் சொன்னபடியே தரைக் கடிகாரங்களிலிருந்து விலகின. துகளின் சிதைவு ஒரு செயல்முறை, அணுவின் அதிர்வு இன்னொன்று. பிரிட்ஜ்மன் விதிப்படி இவை இரண்டு வெவ்வேறு 'காலங்கள்'. சார்பியலின் மேன்மையோ இரண்டும் ஒரே காலம் என்று காட்டியதில் இருக்கிறது. கோட்பாட்டின் உயிர்நாடியையே இந்த விதி அறுத்துவிடுகிறது.

இரண்டாவது குறை, அளவீடு தன் காலிலேயே நிற்பதில்லை. ஒளி போய்த் திரும்பும் வேகத்தை ஒரு கடிகாரத்தால் அளக்கலாம். ஒரு திசையில் மட்டும் அதன் வேகத்தை அளக்க இரண்டு கடிகாரங்கள் தேவை. அவற்றைப் பொருத்த அந்த வேகமே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சுழலிலிருந்து ஒரு வரையறையைத் தேர்ந்துதான் வெளியேற முடியும். ஐன்ஸ்டைன் அதை மறைக்கவில்லை. தத்துவ அறிஞர் ரைஹன்பாக் அதை விரிவான தத்துவச் சிக்கலாக முன்வைத்தார். லோரென்ஸின் ஈத்தர் கோட்பாடும் சார்பியல் தந்த அதே எண்களைத்தான் தந்தது. அதை ஒதுக்க உதவியவை எளிமையும் ஒருமைப்பாடும். எந்த அளவுகோலும் அந்தத் தீர்ப்பை வழங்கவில்லை.

மூன்றாவது குறை, இன்று காணமுடியாததை இல்லை என்று தள்ளும் அவசரம். மாஹ் அணுக்களை ஏற்க மறுத்தது இதனால்தான். அதே 1905இல் பிரௌனியன் இயக்கத்தைப் பற்றி எழுதி அணுக்களுக்கு வலுவான ஆதாரத்துக்கு வழி வகுத்தவரும் ஐன்ஸ்டைனே. அவரே பின்னாளில் இந்த முறையிலிருந்து விலகினார். காணக்கூடிய அளவுகளை மட்டுமே கொண்டு குவாண்டம் இயக்கவியலைக் கட்டியதாக 1926இல் ஹைசன்பர்க் சொன்னபோது, எதைக் காணமுடியும் என்பதைக் கோட்பாடே தீர்மானிக்கிறது என்று ஐன்ஸ்டைன் மறுத்ததாக ஹைசன்பர்க் நினைவுகூர்கிறார்.

அப்படியானால் அந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்துவிடலாமா? வெளியையே நீட்டிச் சுருக்கியபடி பரவும் ஈர்ப்பலைகளின் கதை, எறிய வேண்டாம் என்கிறது. 1916இல் ஐன்ஸ்டைன் அவற்றைக் கணித்தார். அன்றே அளவீட்டுச் சான்று கேட்டிருந்தால் கருத்து முளையிலேயே கருகியிருக்கும். 1936இல் அவரே அவை உண்மைதானா என்று ஐயுற்றார். 1957இல் சேப்பல் ஹில் மாநாட்டில் இயற்பியலாளர் பிரானி, ஓர் அலை கடந்துபோகும்போது அருகருகே உள்ள துகள்களின் இடைவெளி எப்படி மாறும் என்று விளக்கினார். கம்பியில் உராய்ந்து நகரும் மணிகள் சூடேறும், எனவே அலை ஆற்றலைச் சுமக்கிறது என்றார் இயற்பியலாளர் ஃபைன்மன். பல ஆண்டுக் குழப்பத்தைத் தெளிவித்தது 'எப்படி அளப்பது?' என்ற அதே கேள்வி. 2015 செப்டம்பரில் ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லிகோ கருவிகள், 4 கிலோமீட்டர் நீளக் கைகளில் புரோட்டானின் விட்டத்தைவிட மிகச் சிறிய மாற்றமாக அந்த அலையைப் பதிவுசெய்தன.

1916க்கும் 1957க்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. பின்னதில் கேள்விக்கு விடை சொன்னது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் சமன்பாடுகளே. கோட்பாடு வளர்ந்த பிறகு, அதன் மொழியிலேயே கேள்வி கேட்கப்பட்டது. இன்று விவாதிக்கப்படும் இழைக் கோட்பாட்டையும் பல பிரபஞ்சக் கருத்தையும் சோதிக்க வழியில்லை என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களும், சோதனையே வேண்டாம் என்கிறவர்களும் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். ஒரு கோட்பாட்டுக்கு அனுமதி மறுக்க அளவீட்டுக் கேள்வியைப் பயன்படுத்துவது தவறு. தன் கூற்றுகள் உலகின் எந்த இடத்தைத் தொடுகின்றன என்று காலப்போக்கில் தானே சொல்லும் பொறுப்பைக் கோட்பாட்டின்மீது சுமத்துவது நியாயம். அந்தப் பொறுப்பைச் சார்பியல் நூறாண்டு கழித்தும் நிறைவேற்றியது. புதிய கோட்பாடுகளுக்கும் அதே பொறுமையைத் தருவோம். அதே பொறுப்பையும் கேட்போம்.