விலக்கப்பட்ட நகரமும் காண்போர் கண்ணும்

சீனப் பேரரசர்களின் அரண்மனையைப் பற்றி எழுதுவோரிற் பலர் எண்களிலேயே மயங்கி நின்றுவிடுகின்றனர். 72 ஹெக்டர் நிலப்பரப்பு, 52 மீட்டர் அகன்ற அகழி, 24 பேரரசர்கள் என்று அடுக்கியபின், 9,999 அறைகள் என்னும் கட்டுக்கதையையும் சேர்த்துவிடுவர். எண்ணிப் பார்த்தோர் கண்ட அறைகள் ஒன்பதாயிரத்திற்கும் குறைவு. அளவிற் பெரிதென்பதால் மட்டும் ஒரு கட்டடம் கலையாகிவிடாது. பெய்ஜிங்கிலுள்ள இவ்வரண்மனை கலையா, அன்றி ஆட்சிக் கருவியா என்பதன்றோ கேட்கத்தக்க வினா?

விடை அதன் வெற்றிடத்தில் இருக்கிறது. தெற்கு வாயிலைக் கடந்து, ஐந்து பளிங்குப் பாலங்களைத் தாண்டி, மற்றுமொரு வாயிலினுள் நுழைந்தால் பரந்த முற்றம் ஒன்று விரிகிறது. அங்கே ஒரு மரமும் இல்லை. ஒதுங்க நிழலும் இல்லை. எதிரே மூன்றடுக்குப் பளிங்கு மேடைமீது பேரிசைவு மண்டபம். மேடையோடு சேர்த்தும் அதன் உயரம் 35 மீட்டர் அளவே. எனினும் அது வானளாவ நிற்பதாகத் தோன்றுவதேன்? மண்டபம் உயர்ந்ததனால் அன்று. முற்றத்தில் நிற்பவன் சிறுத்துப்போனதனால். மண்டியிட வந்த அதிகாரி தலை குனியுமுன்பே கட்டடம் அவனைக் குனியவைத்துவிட்டது. கலையும் கருவியும் ஈண்டு ஒன்றே.

இதனை இன்று காண்பது அரிது. தெற்கே நுழைந்து வடக்கே வெளியேறும் ஒருவழிப் பாதையில், 2019ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். தெற்கு வாயிலின் நடுவழி பேரரசனுக்கே உரியது. திருமண நாளில் பேரரசியும், தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றோர் வெளியேறும்போதும் மட்டுமே அதற்கு விலக்கு. அந்த நடுக்கோட்டில் இன்று யாவரும் நடப்பது நன்றே. ஆயினும் கூட்டம் நிறைந்த முற்றம் முற்றமாகாது. நடுக்கோட்டை விட்டு விலகாதவர் பேரரசன் கண்டதைக் காண்பரேயன்றி, அவன் முன் நின்றோர் கண்டதைக் காணார்.

"இவையெல்லாம் பிற்காலத்துக் கட்டடங்கள்தாமே" என்று குறை கூறுவோரும் உளர். 1406இல் தொடங்கி 1420இல் முடிந்த அரண்மனையின் மூன்று பெருமண்டபங்களும் மறு ஆண்டே தீக்கிரையாயின. இன்றுள்ள பேரிசைவு மண்டபம் 1695 முதல் 1697 வரை எழுப்பப்பட்டது. தென்மேற்குக் காடுகளின் நான்மு மரம் அரிதாகிவிட, பைன் மரத் தூண்கள் வந்தன. அதனாற் போலி என்பது பொருந்தாது. மரத்தாற் கட்டும் நாட்டில் நிலைத்து நிற்பது மரமன்று. திட்டமும் அளவு முறையுமே.

கல்லின் கதை வேறு. இசைவுக் காப்பு மண்டபத்தின் பின்புறம் நாகங்கள் செதுக்கிய ஒரே கல், 16 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. எடை 200 டன்னுக்கு மேல். குளிர்காலத்தில் வழிநெடுகக் கிணறு தோண்டி, நீரை ஊற்றி உறையவைத்து, பனிக்கட்டிப் பாதையில் இழுத்து வந்தனர். இழுத்தோர் பெயர் எதுவும் அங்கே பொறிக்கப்படவில்லை.

அரண்மனையைக் கட்டுவித்த யோங்லே மன்னனை நம்மவர் அறிதல் வேண்டும். 1411இல் மலாக்காவின் பரமேசுவரா நான்ஜிங்கில் கண்டது இவனையே. காலியிற் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டிற் சீனம், பாரசீகத்தோடு தமிழையும் பொறிக்கச் செய்ததும் இவன் ஆட்சியே.

வடபகுதிக்கு வந்தால் அளவு மாறிவிடுகிறது. உயர்ந்த மதில்களிடையே குறுகிய சந்துகள், சிறு முற்றங்கள், மரங்கள். 1912இல் அரியணை துறந்த பூ யீ இப்பகுதியில்தான் 1924 வரை பெயரளவில் பேரரசனாக வாழ்ந்தான். மறு ஆண்டு அக்டோபர் 10இல் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. வடகிழக்கு மூலையில் ஒரு கிணறு உண்டு. 1900இல் அயல்நாட்டுப் படைக்கு அஞ்சி அரசவை ஓடியபோது, ஜென் என்னும் அரசநாயகி மாண்டது இதில்தான். அதன் வாய் மிகச் சிறிது. வெளிவாயிலை நோக்கி விரைவோரிற் பலர் அதனைக் காணாமலே போய்விடுகின்றனர்.